அமிர்தசாமியின் கண்சிமிட்டல்

ஜனவரியின் கடைசி ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வந்ததும் அப்பாவும் மகளும் மொட்டை மாடியில் சோலார் தகடுகளைக் கழுவினார்கள். அஸ்தம்பட்டியில் பத்து நாள் போதும், மாவு சலித்துக் கொட்டியதுபோல் தகட்டின் மேல் புழுதி படிந்துவிடும். அமிர்தசாமி ரப்பர் குழாயைப் பிடிப்பார். மெர்லின் நீளக் கம்பில் துணி சுற்றித் தேய்ப்பாள். சென்னையிலிருந்து அவள் வரும் ஞாயிறுகளில் மட்டும் நடக்கும் வேலை இது. தனியாகச் செய்ய அவருக்கு முட்டி வலி. அதே முட்டி வலியோடு மகள் பின்னால் மாடிப்படி ஏறிவிடுவார்.

"ஏனுங்கப்பா, தண்ணிய இந்த மூலைக்குக் காட்டுங்க. காக்கா எச்சம் காஞ்சு ஒட்டிக்கிச்சு."

"காக்காயும் ஒரு தடைன்னு உன்ற திட்டத்துல எழுதிக்க சாமி."

அவளுடைய திட்டத்தைக் கிண்டல் செய்வது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அதை முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். புவி சூடாவதைக் குறைக்க உலக நாடுகளின் முன்னால் இந்தியா ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது. அதை எந்த ஆண்டுக்குள், எதை நிறுத்தி, எதைத் தொடங்கி நிறைவேற்றுவது என்று கணக்குப் போடும் குழுக்களில் ஒன்றில் மெர்லின் பொறியாளர். அவள் பங்கு கிணற்று மோட்டார்கள். பாதி மோட்டார்கள் இரவில் ஓடுகின்றன. இரவில் ஓடுவது நிலக்கரி மின்சாரம். வெயில் இருக்கும்போதே எல்லா மோட்டாருக்கும் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் கொடுத்துவிட்டால் அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். எந்த மின்பாதையில், அதாவது ஃபீடரில், முதலில் தொடங்குவது என்ற பட்டியல் அவள் கையில்.

"உங்க ஃபீடர் லிஸ்ட்ல வரலீங்கப்பா," என்றாள் தேய்த்துக்கொண்டே.

குழாய்த் தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. "எந்த ஃபீடரு?"

"எருமப்பட்டிக்குக் கெழக்க, உங்க சப்ஸ்டேஷன்ல மூணாம் நம்பரு. மாசத்துக்கு அறுபது தடவ கட்டாகுது. மத்ததெல்லாம் அஞ்சு, ஆறு. பத்துக்கு மேல போனா மொதக் கட்டத்துல கெடையாது."

"அது நல்ல லைனாச்சே."

"அப்ப ஆளு சரியில்ல. உங்களுக்குப் பொறவு எவனோ பொறுப்பில்லாதவன் வந்து உக்காந்திருக்கறான்."

அமிர்தசாமி சிரித்தார். "இருக்கும் சாமி." பிறகு கேட்டார்: "அப்ப அவ்வளவுதானா?"

"மார்ச் மாசக் கணக்கு ஒண்ணு மட்டும் புதுசா எடுப்போம். அதுல பத்துக்குள்ள வந்தாச் சேரும். இல்லீன்னா அடுத்த கட்டம். ஆறேழு வருசம் ஆகும்."

"நேர்ல வந்து காரணம் சொன்னா?"

"மீட்டர்ல என்ன பதிவோ அதாங்கப்பா. காரணம் கேட்டா ஊருக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க."

அந்த விதியை எழுதியவள் அவளே. பத்து என்ற எல்லையை வைத்தவளும் அவளே.

மணி ஒன்பதானது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். சப்ஸ்டேஷன் ஆபரேட்டராக இருந்த முப்பத்தொரு ஆண்டும் மணிக்கொருமுறை மீட்டர் பார்த்து லாக் ஷீட்டில் எழுதிய பழக்கம். ஓய்வு பெற்றும் கை விடவில்லை. பூசையில் பாதிரியார் நற்கருணையை உயர்த்தும்போதுகூட மணி சரியாக ஏழென்றால் அவர் பார்வை கடிகாரத்துக்குப் போய்த் திரும்பும். அம்மா அன்னாள் முழங்கையால் இடிப்பாள்.

பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் சேலத்தில் இருந்தது. அவர் எருமப்பட்டியில் அறை எடுத்து நான்கு நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே என்று ஓட்டினார். அவர் வரும் நாள் மெர்லினுக்கு மூக்கால் தெரியும். சட்டையில் டிரான்ஸ்பார்மர் எண்ணெய் வாசம், பையில் சின்ன வெங்காய வாசம். அம்மா சட்டையைத் தனியாக ஊறவைப்பாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உடன் வேலை பார்ப்பவர்களை அனுப்பிவிட்டு இவர் பணியில் இருப்பார். அதற்குப் பதிலாக கிறிஸ்துமஸுக்கு முழுதாக மூன்று நாள் வீடு. அந்த மூன்று நாளும் நட்சத்திர விளக்கைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பார். ஒரு வருடம் அதில் ஏதோ மாற்றி வைத்தார். நிமிடத்துக்கு ஒருமுறை நட்சத்திரம் அணைந்து எரிந்தது. "பல்பு போச்சுங்க," என்று தெருவில் போகிறவர்களெல்லாம் கதவைத் தட்டிச் சொன்னார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அவருடைய சப்ஸ்டேஷனை மெர்லின் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள், எட்டு வயதில், வேலிக்கு வெளியே நின்று.

பிப்ரவரியில் அவர் தினமும் பஸ் ஏறி எங்கோ போய் வருவதாக அம்மா போனில் சொன்னாள். "பழைய சிநேகிதங்களப் பாக்கறாராம். இந்த வெயில்ல." மெர்லின் கேட்டுக்கொண்டாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. வேலை இருந்தது.

சாம்பல் புதனுக்கு மறுநாள் காலை, பஸ்ஸுக்குக் கிளம்பச் செருப்பு மாட்டக் குனிந்தவர் எழவில்லை. நெற்றியில் முந்தின நாள் பூசிய சாம்பல் லேசாக மிச்சமிருந்தது. இதயம் என்றார் மருத்துவர்.

ஏழாம் நாள் பூசைக்கு மதியழகன் வந்தான். அமிர்தசாமிக்குப் பிறகு அதே நாற்காலியில் உட்காரும் ஆபரேட்டர். பொறுப்பில்லாதவன். நாற்பது வயது, கண் சிவந்திருந்தது. அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணன் போயிட்டாருங்க. ஞாயித்துக்கெழம மார்ச் ஒண்ணு. நிறுத்தறதுங்களா, வேண்டாங்களா? நீங்கதான் சொல்லோணும் அம்மணி."

"எத நிறுத்தறது?"

"கண்ணடிக்கறத."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மாவுக்கும் தெரியவில்லை.

"அட, ஊட்டுல சொல்லவே இல்லீங்களா?"

பிறகு அவன்தான் சொன்னான். இருபத்தாறு வருடம் முன்பு பச்சமுத்து என்பவர் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து கழன்ற பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்டார்ட்டரை அணைக்க மறந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் பாதிப்பேர் அணைப்பதில்லை. மும்முனை வந்ததும் தானே ஓடட்டும் என்று விட்டுவிடுவார்கள். நேரம் வந்தது, அமிர்தசாமி சுவிட்சைப் போட்டார். பச்சமுத்துவுக்கு வலது கை போனது. அமிர்தசாமி சரியான நேரத்தில்தான் போட்டார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மும்முனை கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு, வீட்டு விளக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தை இரண்டே விநாடி நிறுத்திக் கொடுத்தார். வீடுகளில் ஃபேன் நிற்கும், சுற்றும். அமிர்தசாமி கண்ணடிச்சாச்சு, மோட்டார விட்டு எந்திரிங்கடா என்பார்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று.

மாதத்துக்கு அறுபது.

"எந்த ரூல்லயும் இல்லீங்க. ஆனா அப்பறம் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. நான் வந்தப்பொறவும் விடல. போன மாசக் கடைசில அண்ணன் வந்து, மூணாம் நம்பருக்குப் பகல் கரண்டு வரோணும்னா இது நிக்கோணும்டான்னாரு. ஒவ்வொருத்தருக்கும் நான் போயிச் சொல்றேன், எல்லாருக்கும் சொன்னப்பொறவு நிறுத்துன்னாரு. எம்மவ போட்ட கணக்கு, தப்பா இருக்காதுன்னாரு."

மெர்லின் எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். எவனோ பொறுப்பில்லாதவன். இருக்கும் சாமி.

திரும்பி வந்தபோது அம்மா அவருடைய தோள்பையைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். உள்ளே தண்ணீர் பாட்டில், மாத்திரை, மடித்த நான்கு தாள்கள். லாக் ஷீட் போலவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். தேதி, மணி, பெயர், குறிப்பு. நாற்பத்து நான்கு வரிசை. மயில்சாமி: புரிந்தது. பொன்னன்: மருமகளிடமும் சொன்னேன். ஒருவருக்கு நேராக, "திட்டினார். மறுபடி போக வேண்டும்." இரண்டு வரி கீழே, "போனேன். மோர் கொடுத்தார்." எல்லா மணியும் நிமிடத்தோடு. நாற்பத்து நான்காவது வரிசையில் தேதி மட்டும் முன்கூட்டியே எழுதியிருந்தது, அவர் இறந்ததற்கு மறுநாள். மயிலம்மாள். காது மந்தம். போன் இல்லை. நேரில்தான்.

"பச்சமுத்து சம்சாரமுங்க," என்றான் மதியழகன். "அவரு செத்தப்பொறவு அந்தம்மாதான் காடு பாக்குது. ஸ்டார்ட்டரு எப்பவும் ஆன்லதான். மோட்டாரு சத்தம் காதுல உழுவாது. ஃபேன் நின்னாத்தான் தெரியும்."

"நீங்க சொல்லிரலாமில்ல?"

"அண்ணன் இருக்கறப்பவே சொன்னனுங்க. போடா சோம்பேறி, உன்ற வேலைய மிச்சம் பண்ணப் பாக்கறயா, அமிர்தசாமி வந்து சொல்லட்டும்னு வெரட்டிருச்சு. அதுக்குச் சொல்லாம நான் நிறுத்த மாட்டனுங்க. லிஸ்ட்டு போனாலும் போவுது."

அவன் சொன்னது சரி. மெர்லின் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மார்ச்சில் ஒரு நாள் தள்ளினால் இரண்டு, ஐந்து நாள் தள்ளினால் பத்து.

வெள்ளிக்கிழமை காலை அவள் நாமக்கல் பஸ் ஏறினாள். எருமப்பட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ, பிறகு வெங்காயக் காடுகளுக்கு நடுவே நடை. தகரக் கூரை வீட்டின் முன்னால் வேப்பமர நிழலில் ஓர் அம்மாள் வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஃபேன் ஓடியது. கதவு திறந்தே இருந்தது, ஃபேன் தெரியும்படி.

மயிலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். சிரித்தாள்.

"அமிர்தசாமி மவளா? மூக்கப் பாத்தாலே தெரியுது. உக்காரு சாமி. உங்கொப்பனெங்க? போன வெள்ளிக்கெழமையே வாரேன்னு மயில்சாமிகிட்டச் சொல்லி உட்டாரு. பணியாரம் சுட்டு வச்சிட்டு ராத்திரி வரைக்கும் பாத்தேன். வாக்குத் தவற மாட்டாரே. எனக்கு என்னமோ சொல்லோணுமாமா?"

"அப்பா இறந்துட்டாருங்க," என்றாள் மெர்லின்.

"ஆங்?" மயிலம்மாள் அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டுக் காதோரம் கையைக் குவித்தாள். "சத்தமாச் சொல்லு கண்ணு. எனக்குக் கேக்காது."

எட்டு நாளாக அந்த வாக்கியத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சித்தப்பா சொன்னார். அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போனது. கோவிலில் பாதிரியார் மைக்கில் சொன்னார். இப்போது அதைத் திறந்த காட்டில், நாலு வயலுக்குக் கேட்கும்படி, கத்திச் சொல்ல வேண்டும். அது முடிந்த பிறகுதான் மார்ச் முதல் தேதி விஷயம்.