கேஜ் கண்ணாடியில் வைத்த சந்தனம்

பித்தளை வளையம் போட்ட வட்டக் கண்ணாடி. உள்ளே கறுப்பு முகம், வெள்ளையில் இலக்கங்கள், நடுவிலிருந்து கிளம்பும் மெல்லிய முள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான். அதை நான் முதன்முதலில் பார்த்தபோது எங்கள் துரைசானி, பெரியதுரையின் வெள்ளைக்கார மனைவி, அதை மடியில் வைத்துக்கொண்டு பங்களா கராஜ் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு சாண் தள்ளி என் வீட்டுக்காரர் குனிந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு சாணை இன்றைக்கும் என்னால் அளந்து காட்ட முடியும். துரைசானியை 'அவள்' என்று எழுதுவது இப்போதுதான். அன்று வாயில் வந்ததெல்லாம் 'அவங்க'தான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் றொசல்லைக்கு மேலே இருந்தது. என் வீட்டுக்காரர் பெரியதுரையின் கார் டிரைவர். நான் கொழுந்து எடுக்கப் போனாலும் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்கவில்லை. கராஜை ஒட்டிய தனிக் காம்பராவில் இருந்தோம். மலையில் என்னை எல்லோரும் 'டிரைவரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

காரோடு கப்பலில் வந்த ஒயில் கேஜ் ஒன்று ஏற்கெனவே இருந்தது. எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு அமுக்கத்தில் ஓடுகிறது என்று காட்ட வேண்டியது அதன் வேலை. ஆனால் எஞ்சின் குளிர்ந்திருந்தாலும் கொதித்தாலும் அதன் முள் நட்ட நடுவில் சும்மா நிற்கும். என் வீட்டுக்காரர் அதை நம்பியதில்லை. காதால் கேட்டே வண்டியின் சுகத்தைச் சொல்லிவிடுவார். அது பொய் சொல்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவள் துரைசானிதான். யுத்த காலத்தில் தன் நாட்டில் லொறி ஓட்டியவளாம். சீமைக்கு எழுதிப்போட்டு, சரியாகக் காட்டும் கேஜ் ஒன்றை வரவழைத்தாள்.

அதைப் பூட்ட அவர்கள் இரண்டு பேருக்கும் மூன்று நாள் ஆனது. தாலிக்கொடி தடிமனில் ஒரு செப்புக் குழாய்; அதன் ஒரு முனை எஞ்சினில், மறுமுனை கேஜில். எஞ்சின் எண்ணெயே அந்தக் குழாய் வழியாக ஏறி முள்ளைத் தள்ளுகிறதாம். அதனால் அதற்குப் பொய் சொல்ல வராது என்று சோறு தின்றுகொண்டே சொன்னார். பிறகு தினமும் அதே பேச்சு. "காலையில அறுபது. ஏத்தத்துல சூடேறுனா நாப்பத்தஞ்சு. நின்னா இருவது." நான் எழுத்துக்கூட்டிப் படிப்பவள், இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. விளங்கும் ஒருத்தி பங்களாவில் இருந்தாள். சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் அவள் இறங்கி வருவாள். "இன்னிக்கு எத்தனை, டிரைவர்?" என்பாள். அவர் சொல்வார். அவள் தலையாட்டுவாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை என்று அன்றும் எனக்குத் தெரியும். நான் எடுத்த கொழுந்து எத்தனை இறாத்தல் என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நெஞ்சில் நின்றது அதுதான்.

மலையில் பெண்கள் சும்மா விடுவார்களா? பக்கத்து நிரையில் நின்றவள் கூடையைச் சரித்துக்கொண்டே கேட்டாள்: "டிரைவரம்மா, ஒங்க வூட்டுக்காரரும் தொரைசானியும் ஒரே கார் மூடிக்குள்ள தலைய வுட்டுக்கிட்டு நிக்கிறாங்களே, உள்ளார என்னாத்தத் தேடுறாங்க?"

"ஒன் புருசனோட புத்தி தொலைஞ்சு போச்சாம், அதத்தான் தேடுறாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று கொழுந்தோடு முத்தல் இலையையும் சேர்த்துக் கிள்ளிவிட்டுக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கினேன்.

ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் அன்று செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து ஃபெக்டரி எஞ்சின்வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். கோயில் பண்டாரம் கராஜுக்கு வந்து காரின் முகத்திலும் சக்கரத்திலும் ஸ்டியரிங்கிலும் விரல் நுனியால் சந்தனம் தொட்டு வைத்து, எலுமிச்சை நசுக்கி, சூடம் காட்டிவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு மீந்த சந்தனக் கிண்ணத்தோடு நான் காருக்குள் ஏறினேன். அந்தக் கண்ணாடி முழுக்க, ஒரு இலக்கம்கூடத் தெரியாமல், கைநிறைய அள்ளி அப்பினேன். நடுவில் குங்குமமும் வைத்தேன். பூசைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், அது தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை நினைத்துத்தான் செய்தேன். ஒரு வாரமாவது இலக்கம் பேசாமல் இருப்பார்கள் அல்லவா?

மறுநாள் காலை துரைசானியை ஏற்றிக்கொண்டு அவர் ஹட்டனுக்குக் கிளம்பினார். அவள் கேஜைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றாள். "சாமி பொட்டுங்க, தொடைக்கக் கூடாது" என்றார் இவர். அவள் சிரித்தாள். ஹட்டன் ஏற்றத்தில் அந்தச் செப்புக் குழாயின் மூட்டு தளர்ந்து எண்ணெய் கொட்டியிருக்கிறது. முள் விழுந்திருக்கும். பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பார். எஞ்சின் தட்டத் தொடங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் அது இறுகிவிட்டது. ஃபெக்டரி லொறியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

கராஜ் வாசலில் துரை குதித்தார். "எஞ்சின் முடிஞ்சது! பத்துச்சீட்டு எழுதச் சொல்லு! இன்னிக்கே எறங்கட்டும்!" பத்துச்சீட்டு கையில் வந்தால் வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு, தோட்டத்தை விட்டே போக வேண்டியதுதான். தண்ணீர்க் குடத்தோடு வந்த நான் அப்படியே நின்றேன். சொல்ல வேண்டியவள் நான். குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன்.

துரைசானி முன்னால் வந்தாள். துரையிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில், "வண்டி நான் ஓட்டினது. டிரைவர் நிப்பாட்டச் சொல்லிச்சு. நான் கேக்கல. அப்படித்தானே, டிரைவர்?" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். "ஆமாங்க தொரைசானி."

ஸ்டியரிங் பிடித்துப் போனவர் அவர்தான். காலையில் என் கண்ணால் பார்த்தேன். அவள் காருக்குள் குனிந்து காய்ந்த சந்தனத்தை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள். பண்டாரத்தின் விரல் நுனிப் பொட்டுக்கும் அந்த அப்பலுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அவர் கேட்டார்: "நீயா வச்ச?"

"சாமிக்குத்தானே வச்சேன்."

"சரி."

அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். எனக்காக அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொய்யைத் தாங்கிக்கொண்டார்கள். கேஜைப் பற்றிய பேச்சிலாவது நான் ஒட்டுக்கேட்க இடம் இருந்தது. இந்தப் பொய்க்குள் எனக்கு அதுவும் இல்லை.

சில வருடம் கழித்து துரை குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பினார். புறப்படும் அன்று துரைசானி கராஜுக்கு வந்து என் வீட்டுக்காரருக்குக் கை கொடுத்தாள். பிறகு என்னிடமும் கையை நீட்டினாள். வெள்ளைக்காரியின் கை பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். நக ஓரமெல்லாம் கறுப்பு, எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாத எஞ்சின் கறுப்பு. என் வீட்டுக்காரரின் நகத்தில் இருந்ததும் அதே கறுப்புதான். என் விரலிலும் கறை இருந்தது. அது கொழுந்துக் கறை, வேறு நிறம். கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் அடுப்பை அணையவிடாமல் காத்த கை அது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் வீட்டுக்காரரும் கண்ணை மூடிப் பல வருடமாகிவிட்டது. இன்றைக்கு அந்தக் கை என் முன்னால் நீண்டால் பிடிப்பாயா என்று கேட்டால், முதலில் நகத்தைத்தான் பார்ப்பேன்.