இன்ஜினைத் திறக்க விடமாட்டேன்

வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கும் மேம்பாலத்தின் பாதியிலேயே என் பைக் திணறி நின்றது. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் புறப்பட்ட என் மனைவி, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீதிப் பாலத்தை நடந்தே ஏறினாள்.

"மொதல்ல இதை வித்துட்டு வாங்க," என்றாள் மேலே போய்.

மறுநாள் மெக்கானிக் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பார்த்துவிட்டு, "இன்ஜினை இறக்கணும்ணா," என்றார்.

"எனக்கும்தான் மாடி ஏறினா மூச்சு வாங்குது. உடனே நெஞ்சைத் திறந்துடறதா? வெளியில என்ன பண்ண முடியுமோ அதைப் பண்ணுபா."

அவர் சலித்துக்கொண்டே ஏர் ஃபில்டரை மாற்றினார். பழையதைத் தட்டியபோது கொட்டிய மண்ணில் கத்தரிச்செடியே வைக்கலாம். சக்கரத்தை உரசிக்கொண்டிருந்த பின் பிரேக்கைத் தளர்த்தினார். கடைசியாக, பின்னால் செயின் ஓடும் பல்சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பல் கூடுதலான ஸ்பிராக்கெட்டை மாட்டினார்.

"இழுவை கிடைக்கும்ணா. ஆனா வேகம் கொறையும்."

"நான் என்னிக்குபா வேகமா போயிருக்கேன்?"

மனைவியிடம் சவால் விட்டேன். "ஒரே ஒரு தடவை ஏறு. பாலத்துல நீ இறங்கினா, அன்னிக்கே வித்துடறேன்."

அதே பாலம். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

"இறங்கட்டா?"

"உக்காரும்மா!"

இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே வண்டி ஏறியது. தண்ணீர் கேன் கட்டிய மொபெட் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. உச்சியைத் தொட்டதும் அவள் என் முதுகில் குத்தினாள்.

"மொபெட்டுகூட முந்திக்கினு போவுது. இதுக்கா இவ்ளோ அலட்டல்?"

"போவட்டும். நீ இறங்கினியா?"