வெள்ளையனுக்கு நான் அர்த்தம் சொன்ன நாலு லத்தீன் வார்த்தைகள்

வக்கீல் பேசுவது கோர்ட்டுக்குப் புரியும், கட்சிக்காரனுக்குப் புரிய வைப்பது குமாஸ்தாவின் தலையெழுத்து. கோர்ட்டு வராந்தாவில் கால் கடுக்க நின்ற சக குமாஸ்தாக்களே, உங்களுக்குத் தெரியாததா!

ஐம்பதுகளில் அடிவாரத்து முன்சீப் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் எனக்குக் குமாஸ்தா வேலை. ஜவ்வாது மலை விவசாயி வெள்ளையன் எங்கள் கட்சிக்காரர். அவருடைய இரண்டு ஏக்கர் சாமைக் காடு தன்னுடையது என்று கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். அது போனால் வெள்ளையன் குடும்பத்துக்குக் கஞ்சி இல்லை.

ஸ்டேட்டஸ் கோ

தீர்ப்பு வரும்வரை ஸ்டேட்டஸ் கோ என்று உத்தரவானது. "இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும், யாரும் எதையும் தொடக்கூடாது" என்று பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். அவர் வழக்கம்போலப் பயிர் வைக்கலாம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், பாவி. அடுத்த முறை வந்தவர் பாதியாக இளைத்திருந்தார்.

"தொடக்கூடாதுன்னீங்களே, ஏரே பூட்டலீங்க. கெழங்கு தோண்டித்தான் துன்றோம்."

சைனி டை

முன்சீப்புக்கு மாற்றல் வந்து, வழக்கைத் தேதி குறிக்காமல் ஒத்திவைத்தார்கள். அதையும் விளக்கினேன். விடியுமுன் மலையிறங்கி ஆலங்காயம் வரை நடந்து, அங்கே பஸ் பிடித்து வந்த மனுஷன் என்னையே பார்த்தார்.

"தேதியே இல்லன்னா எந்தத் தேதிக்குங்க வர்றது?"

எக்ஸ் பார்ட்டே

புது முன்சீப் வந்து விசாரணைக்கு நாள் போட்டார். அன்றைக்குப் பார்த்து எங்கள் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. வேறொரு வக்கீலைப் பிடித்து வாய்தா கேட்கச் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சிக்காரர்கள் ஆசை காட்டிக் கைநாட்டு வாங்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். "நான் வர்ற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் வாயத் தொறக்காதய்யா" என்று வெள்ளையனை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன்.

அந்த நேரம் டவாலி மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். பதில் இல்லை. ஆள் ஆஜராகவில்லை என்று எக்ஸ் பார்ட்டே தீர்ப்பு, காடு வியாபாரிக்கு! வந்து பார்த்தால் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எதிராளி பக்கம் மட்டும் கேட்டுச் சொன்ன தீர்ப்பு என்று அர்த்தம் சொல்லி, கூப்பிட்டபோது ஏன் போகவில்லை என்றேன்.

"என் பேரு நல்லா காதுல வுழுந்துச்சுங்க. நீங்க வாயத் தொறக்காதன்னீங்களே, கம்னு குந்தினு இருந்தேன்."

போனஃபைடி

தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போட்டோம். ஏன் ஆஜராகவில்லை என்று காரணம் காட்ட வேண்டும். உண்மையை எழுதினால் என் வேலை போய்விடும். மலைக் காய்ச்சலில் படுத்திருந்தார் என்று எழுதி, படித்துக்கூடக் காட்டாமல் கைநாட்டு வாங்கினேன்.

கூண்டில் ஏறியவரிடம் முன்சீப் காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். "காச்சலா? எனக்கா? இல்லீங்க சாமி, இங்கதான் குந்தினு இருந்தேன்" என்றார் வெள்ளையன். பின்னே ஏன் பதில் சொல்லவில்லை என்று முன்சீப் அதட்டினார். வெள்ளையன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மனுவில் போனஃபைடி இல்லை என்று தள்ளுபடி செய்தார்கள்.

அப்பீல் போக அவரிடம் தெம்பில்லை. வெளியே வந்து, போனஃபைடி என்றால் நல்லெண்ணம் என்று சொன்னேன்.

"நல்லெண்ணம் இல்லன்னாங்களா? உங்க பேரச் சொன்னா உங்க வேலை போய்டுமேன்னுதாங்க மீதிய முழுங்கினேன்."

லத்தீனில் நாலு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத் தெரிந்த எனக்கு, "தப்பு என்னுதுங்க" என்று அந்தக் கோர்ட்டில் தமிழில் சொல்லத்தான் வாய் வரவில்லை.