முடி சிஸ்டர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பிரசவ வார்டில் யாருக்கும் நினைவில்லை. முடி சிஸ்டர் என்றால் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். கர்ப்பவாய் முழுசாகத் திறந்தும் துவண்டுபோய், "என்னால ஆகாது, கிழிச்சு எடுத்துடுங்க" என்று கையெடுத்துக் கும்பிடும் பெண்களிடம் அவர் ஒரே பொய்யைத்தான் சொல்லுவார். "முடி தெரியுதும்மா! கருகருன்னு தெரியுது. இன்னும் ஒரே ஒரு முக்கு!" அங்கே ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் எங்கிருந்தோ தெம்பைத் திரட்டிக்கொண்டு முக்குவாள். பிள்ளை மொட்டைத் தலையோடு பிறந்தாலும் யாரும் சிஸ்டர்மேல் வழக்குப் போட்டதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் மகளிடம் சொல்லுவார். அப்பா இல்லாத வீட்டில் அதுதான் பொழுதுபோக்கு. மகள் புரையேறும்வரை சிரிப்பாள்.

நோயாளிகளைப் பார்க்க வரும் பாஸ்டர் எபிரேயம் படித்தவர். டீ ஆறி அவலாகும்வரை பேசக்கூடியவர். ஒருநாள், "வேதத்துல மஷ்பேர்னு ஒரு வார்த்தை இருக்கு சிஸ்டர்," என்றார். "உடையிற இடம்னு அர்த்தம். பிள்ளை வெளியே வர்ற வாசலுக்கு அந்தப் பேரு. எதிரி ஊரை வளைச்சு நிக்கறப்ப ஒரு ராஜா சொல்லி அனுப்பறாரு, பிள்ளைங்க வாசலுக்கு வந்தாச்சு, பெக்கத்தான் பலமில்லைன்னு."

"ராஜாவுக்கு என்ன தெரியும்? அவரு எத்தனை பெத்தாராம்?"

பாஸ்டர் சிரித்துவிட்டு, "பிள்ளைமேல குத்தமே இல்ல பாருங்க. அது வந்துடுச்சு. தெம்புதான் வரல," என்றார்.

"அதுக்குத்தான் பாஸ்டர் நான் பொய் சொல்றேன்" என்று சிஸ்டர் டம்ளரைக் கழுவப் போனார். ஆனால் அந்த வார்த்தை அவரிடம் ஒட்டிக்கொண்டது. அப்புறம் எவளாவது கடைசி நேரத்தில் சோர்ந்தால், பக்கத்து நர்ஸின் காதில் "மஷ்பேர்ல நிக்குது" என்பார்.

கல்யாணமாகிப் போன மகளும் வலி கண்டதும் அதே வார்டுக்குத்தான் வந்தாள். சொந்தக்காரர்கள் பிரசவம் பார்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அம்மா இருந்தால்தான் ஆச்சு என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். மத்தியானத்துக்குள் அவள் வெளுத்துப் போனாள், குழந்தையின் இதயத் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் சிஸ்டர் பார்த்தார். நிஜமாகவே முடி தெரிந்தது.

"முடி தெரியுதுடி தங்கம். முக்கு!"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தாள். "போம்மா. எல்லார்கிட்டயும் சொல்றதுதானே."

"சத்தியமாடி!"

"அதையும்தான் சொல்லுவ."

இத்தனை வருஷம் அடுத்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவரிடம் சொந்தப் பெண்ணுக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. "உங்கப்பாமேல சத்தியமா தெரியுதுடி! என்னை நம்புடி!" என்று கத்தினார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் ஓடிவந்து ஆயுதம் போட்டு எடுத்தார். பெண் குழந்தை. என்னென்னவோ செய்து பார்த்தார்கள், அது அழவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். சிஸ்டர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். மகள் திட்டுவாள், ஏன், அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை.

"நீ சொன்னப்பவே முக்கியிருந்தா பொழைச்சிருக்குமாம்மா?"

சிஸ்டரிடமிருந்து சட்டென்று பதில் வந்துவிட்டது. "சீச்சீ, இல்லடி. அப்ப பிள்ளை வாசலுக்கே வரல. எப்பவும்போல பொய்தான் சொன்னேன்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாமேல நீ பொய்ச் சத்தியம் பண்ண மாட்டம்மா," என்றாள்.