ஆன்மேரி வைத்த அளவு

மரக்காணத்து உப்புக் கம்பெனி ஒன்றின் எடைமேடையில் டோமினிக் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். லாரி ஏறும், திரையில் எடை தெரியும், சீட்டு அடித்துக் கொடுப்பார், லாரி இறங்கும். டிரைவர்களிடம் டோமினிக் எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். கிட்டார் சார் என்றால் கை காட்டுவார்கள். சனி ஞாயிறுகளில் பஞ்சநாதனின் இன்னிசைக் குழுவில் அவர்தான் கிட்டார். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம் என்று திண்டிவனத்திலிருந்து வானூர் வரை அவர் ஏறாத மேடை குறைவு.

உப்பளத்து ஓரத்தில் கிட்டாரை வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. கம்பிகள் பதினைந்து நாளில் கறுத்துவிடும். ஒயர் செருகும் துளைகளில் பச்சை பூக்கும். ஆம்ப்ளிஃபயரின் பின்பலகையைக் கழற்றினால் ஆணியெல்லாம் துருவாக உதிரும். இதையும் மீறி அவர் கிட்டார் பேசிக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம், அவருடைய தங்கை ஆன்மேரி.

ஆன்மேரி அவரைவிட ஒன்பது வயது இளையவள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் ரிப்பேர் கடை போட்டாள். வாய் ஜாஸ்தி. தண்ணீரில் விழுந்த போனைக் கொண்டு வருகிறவர்களிடம், "கடல்ல போட்டுட்டு அரிசி டப்பாவுல வச்சீங்களா? ஏங்க, பொங்கலா வைக்கிறீங்க?" என்பாள். திட்டு வாங்கவே வருகிறவர்களும் உண்டு.

பதினொரு வருடத்துக்கு முன் ஒருநாள் அவள் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவை அண்ணன் காலடியில் கவிழ்த்து வைத்தாள். அதன் அடிப்பக்கம் இப்போது மேல்பக்கமாகியிருந்தது. அங்கே மிதிக்க ஒரு பட்டன், திருப்ப இரண்டு குமிழ்கள்.

"இன்னாது இது? சாப்பாடா?"

"ஃபஸ் பெடலு. நீ வாசிக்கிறது முன் வரிசைக்கே கேக்கல. இத மிதிச்சீன்னா ஊரே வந்து திட்டும்."

மிதித்தார். அதுவரை கம்பியாக இருந்த ஒலி கயிறாகத் தடித்தது. ஒரு சுரத்தைத் தட்டிவிட்டால் அது ஆள் இல்லாமலே நடந்து போய்க்கொண்டிருந்தது. டோமினிக் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

பழைய ரேடியோக்களை உடைத்து எடுத்த இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் உள்ளே இருந்தன. டப்பா எவர்சில்வர் என்பதால் உப்புக் காற்று அதை ஒன்றும் செய்யவில்லை. கிளிப் போட்ட மூடியைத் திறந்தால் பேட்டரி மாற்றலாம். பேட்டரிக்குப் பக்கத்தில் கடுகளவு பள்ளத்தோடு ஒரு சின்னத் திருகு. அது அசையாமல் இருக்க அதன் தலையில் நகப்பாலிஷ் பூசியிருந்தாள்.

"இத மட்டும் தொடாத. அளவு பாத்து வச்சிருக்கேன்."

அவர் தொடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அக்டோபர் மழையில் ஆன்மேரிக்கு டெங்கு வந்தது. ஒன்பதே நாள். முப்பத்தாறு வயது. அதற்குப் பிறகு பேட்டரி மாற்றும்போதுகூட அவர் விரல் அந்தத் திருகின் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டார்.

ஆனால் பெடல் மாறத்தான் செய்தது. போன கோடையிலிருந்து நீண்ட சுரங்கள் முடிவில் விக்கின. முழுதாகப் போய்ச் சேராமல் பாதியில் அறுந்தன. டோமினிக் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அவளை நினைத்து அதற்கும் தொண்டை அடைக்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் தெரியும்.

இந்தச் சித்திரையில் அவருடைய ஆம்ப்ளிஃபயர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பஞ்சநாதன் புதுச்சேரியில் யாரோ விற்றதென்று ஒரு மாடலர் வாங்கி வந்தார். இருபது முப்பது ஆம்ப்ளிஃபயர்களின் குரலைத் தனக்குள் வைத்துக்கொண்டு, கேட்ட குரலில் பேசும் டிஜிட்டல் கருவி. நேராக மிக்ஸரில் செருகிவிடலாம். மேடையில் ஒயர் காலை வாருகிறது என்று கிட்டாருக்கு ஒரு ஒயர்லெஸ்ஸும் வாங்கியிருந்தார். இணைப்பு வேலையை கீபோர்டு வாசிக்கும் கௌதமன் செய்தான். ஒயர்லெஸ் மாடலருக்குள் போனது. டிபன் டப்பாவை மாடலரின் பின்பக்கத் துளைகளில் கோத்தான்.

பஞ்சநாதனின் மைக் செட் குடோனில் ஒத்திகை. டோமினிக் டப்பாவை மிதித்தார். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த பஞ்சநாதன் காதைப் பொத்தினார்.

"என்னாப்பா டோமினிக்கு, கொசு பேட்ல கொசு மாட்டுன மாதிரி கீது?"

மறுபடி மிதித்தார். மறுபடி கொசுதான். மெலிந்து, கூர்மையாக, பல்லைக் கூசவைக்கும் ஒலி.

"அண்ணா, உள்ளயே ஏழு ஃபஸ்ஸு இருக்குது. இதப் பாருங்க," என்று கௌதமன் மாடலரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். டோமினிக் வாசித்தார். நன்றாகவே இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"போதும்பா, இதுவே இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் பஞ்சநாதன்.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க, பஞ்சண்ணே."

"ஞாயித்துக்கெழம பெருமுக்கல்ல ரிசப்ஷன். சனிக்கிழம சரியா வரலன்னா டப்பா ஊட்லயே இருக்கட்டும். தப்பா நெனைக்காத."

டோமினிக் தப்பாக நினைக்கவில்லை. பஞ்சநாதன் சொன்னது நியாயம்தான். ஆனால் ஆன்மேரியின் கடை இப்போது ஜூஸ் கடை. அவள் சரிசெய்து கொடுத்த போன்களையெல்லாம் மக்கள் எப்போதோ மாற்றிவிட்டார்கள். அவள் கையால் செய்ததில் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருப்பது இந்த ஒன்றுதான். இதுவும் பீரோ மேலே ஏறிவிட்டால் கல்லறைத் தோட்டத்துச் சிலுவையில் எழுதிய பெயர்தான் மிச்சம்.

வியாழக்கிழமை எடைமேடை வேலை முடிந்து வந்ததும் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். கிட்டாரிலிருந்து ஒயரை நேராக டப்பாவில் செருகி, டப்பாவைக் கரண்டில் ஓடும் பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில் மாட்டினார். கொசு இல்லை. கயிறு வந்தது. அப்படியானால் டப்பாவில் குற்றமில்லை. அது கிட்டாருக்கு ஒட்டினாற்போல் இருந்தால்தான் ஒழுங்காகப் பேசுகிறது. நடுவில் ஒயர்லெஸ்ஸும் மாடலரும் புகுந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம் என்று தோன்றியதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் அதே குணம்.

விக்கல் மட்டும் இருந்தது. பேட்டரிக் கோளாறாக இருக்குமோ என்று மூடியைத் திறந்தார். போன் கேமராவைப் பெரிதாக்கி உள்ளே பார்த்தார். திருகின் தலையில் சிவப்பு நகப்பாலிஷ். அதன் ஓரம் லேசாகப் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் இளஞ்சிவப்பு. அதற்கடியில் ஒரு மரூன் கோடு. அதற்கும் கீழே வெள்ளி மினுமினுப்பு.

முதலில் புரியவில்லை. பிறகு நிறங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

ஒவ்வொரு வருடமும் சித்திரையில் ஒருமுறை, மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறை, "டப்பாவக் குடு, தூசி தட்டணும்" என்று வாங்கிப் போவாள். இரண்டு நாள் கழித்துத் தருவாள். அவர் துடைக்கத்தான் எடுத்துப் போகிறாள் என்று நம்பியிருந்தார். ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது, சூடு ஏறினால் குணம் மாறும் என்று கடையில் யாரிடமோ அவள் சொல்லிக்கொண்டிருந்தது இப்போதுதான் காதில் விழுந்தது போல இருந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் திருகைத் திருப்பியிருக்கிறாள். திருப்பிவிட்டு, அந்த நேரம் கைப்பையில் கிடந்த பாலிஷை எடுத்துப் பூசியிருக்கிறாள். அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை? அதற்கும் விடை தெரியும். கம்பி மாற்றினாலே "பழைய சவுண்டு போச்சு" என்று மூன்று நாள் புலம்புகிற ஆள் அவர்.

ஒரே குரல் என்று அவர் நம்பி வாசித்தது ஒரே குரலே இல்லை. இந்தச் சிவப்பு அவள் கடைசியாக வைத்தது. நிலைத்திருக்கட்டும் என்று வைத்ததல்ல, அடுத்த பருவம் வரைக்கும் வைத்தது. மூடியை அப்படியே மூடினார். அன்றைக்கு அவரால் திருகைத் தொட முடியவில்லை.

சனிக்கிழமை ஒத்திகையில் ஒயர்லெஸ்ஸைக் கழற்றச் சொன்னார். கிட்டாரிலிருந்து ஒயர் டப்பாவுக்கு, டப்பாவிலிருந்து மாடலரின் முன்துளைக்கு.

"ஒயர் காலை வாரும்ணா," என்றான் கௌதமன்.

"விழுந்தா நான் விழறேன். நீ போடு."

டப்பாவின் வேகம் தாங்காமல் மாடலரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கௌதமன் அது உள்ளே வாங்கும் அளவைக் குறைத்து, ஆம்ப்ளிஃபயர் குரல்களில் அலட்டல் இல்லாத ஒன்றைத் தேடி வைத்தான். டோமினிக் மிதித்தார். குடோனின் தகரக் கூரை அதிர்ந்தது.

"இப்பப் பாரு!" என்று பஞ்சநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். ஆனால் இடையிசையின் கடைசிச் சுரத்தில் நெற்றியைச் சுருக்கினார். "ஏம்பா, முடிவுல விக்குதே?"

"அது அப்படித்தாண்ணே."

"அப்படித்தான்னா?"

பஞ்சநாதன் மிக்ஸரைத் தட்டிக் காட்டினார். "இந்த மிக்ஸர நாலு வாட்டி அந்தப் பொண்ணுதான் பாத்துக் குடுத்துச்சு. ஒரு ஓரமா லேசா கரகரன்னாகூட விடாது. 'எடுத்தாந்துட்டீங்க இல்ல, ஒழுங்காப் பண்ணிட்டுத்தான் தருவேன்'னு நிக்கும். அது இருந்தா இப்படி விக்க உட்டிருக்குமா?"

கௌதமன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டான். பஞ்சநாதனும் சொல்லிவிட்டோமே என்பது போல மிக்ஸரைத் துடைத்தார்.

டோமினிக் டப்பாவைப் புரட்டி மூடியைத் திறந்தார். கௌதமனிடம் சின்ன ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கினார். சிவப்பைச் சுரண்டினார். அது செதிலாக வந்தது. இளஞ்சிவப்பு, மரூன், வெள்ளி எல்லாம் தூளாகி அவர் கட்டை விரலில் ஒட்டின. வலது கையால் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு இடது கையால் திருகைத் திருப்பினார். ஒலி அடைத்தது. எதிர்ப்பக்கம் திருப்பினார். கிழிந்தது. கொஞ்சம் பின்னால் வந்தார். இன்னும் கொஞ்சம். எங்கோ ஓரிடத்தில் சுரம் விக்காமல் நீண்டு, மெலிந்து, தானாகவே முடிந்தது.

அது அவள் வைத்த இடமா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கண்ணில் நீர் முட்டியது. யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

"முன்ன இருந்த சவுண்டு இது இல்லியே," என்றார் பஞ்சநாதன். "ஆனா நல்லா கீது. டப்பா வரட்டும்."

டோமினிக் திருகின் மேல் எதுவும் பூசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல்லில் மண்டபத்துக்கு வெளியே திடலில் மேடை. பகல் முழுக்க வேனுக்குள் வெந்து கிடந்த சாமான்களை இறக்கி மாட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. மலைப்பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கியது. டோமினிக் மெல்ல ஒரு சுரம் தட்டிக் காது கொடுத்தார். பிறகு குந்தி உட்கார்ந்து டப்பாவைப் புரட்டினார்.

"அண்ணா! மாப்ளயும் பொண்ணும் மேடைக்கே வந்தாச்சு, இப்பப் போயி டிபன் டப்பாவத் தொறந்துகினு!" என்று கௌதமன் பதறினான்.

"வெயில் எறங்கிடுச்சுடா. இதையும் கொஞ்சம் எறக்கணும். ஒரு நிமிஷம்."

பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மயிரிழை திருப்பினார். மூடியை அழுத்தி, இரண்டு கிளிப்பையும் போட்டு, டப்பாவைத் தன் காலடியில் கவிழ்த்து வைத்தார். முன் வரிசையில் ஒரு பெரியவர் ஆட்கள் சாப்பிடுவதற்குள் பாட்டு வருமா என்று சத்தமாகவே கேட்டார். பஞ்சநாதன் கை காட்டினார். டோமினிக் மிதித்தார்.