ஸ்ட்ரைக் இல்லை, மழை!

போன மாதம் ஒரு நாள் எங்கள் ஃபேக்டரி மேனேஜர் ஈப்போ மழையில் நனைந்தார். தொப்பலாக!

இந்த ஊரில் பல வருஷமாக இருக்கிறவர்தான். ஆனால் இங்கத்து மழையைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அது சட்டைக்குள் எப்படி இறங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். காரணம், நாங்கள்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்... ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பேனா. மற்ற நாளெல்லாம் துணி ஃபேக்டரியில் தையல் மிஷின். இதை எழுதினால் வேலை போகுமா? மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் போய்ச் சொல்லிக்கொள்ளட்டும்!

ஈப்போவில் காலை வெயிலில் சுண்ணாம்பு மலைகள் கண்ணைக் கூசவைக்கும். மதியம் ஃபேக்டரியின் தகரக் கூரை தோசைக்கல்லாகக் காயும். அப்புறம் மலைக்குப் பின்னால் கருக்க ஆரம்பிக்கும். சரியாக வேலை விடுகிற நேரத்துக்குக் கொட்டும். பெல்லுக்கும் மழைக்கும் அப்படி என்ன ஒப்பந்தமோ!

பெல் அடித்ததும் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். அது ரூல். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப். ஸ்டாப் என்றால் ஒரு இரும்புக் கம்பம் — அவ்வளவுதான். முன்பு பக்கத்தில் ஒரு பெரிய மரம் இருந்தது. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வெட்டிவிட்டார்கள். கோப்பெங் பஸ் வருகிற வரைக்கும் நனைய வேண்டியதுதான். குடை இல்லையா என்பீர்கள். இந்த மழைக்குக் குடை பிடித்தால் உச்சந்தலை மட்டும் காயும்.

ஆபீஸ் வாசலில் அகலமான ஒரு போர்ச் இருக்கிறது. மேனேஜரின் கார் நிற்பதற்கு. கார் நனையக் கூடாது அல்லவா?

"அங்க கொஞ்ச நேரம் நின்னுக்கிறோம்" என்று சூப்பர்வைசரிடம் கேட்டோம். "பாயுங் கொண்டு வாங்க லா" என்றார். பாயுங் என்றால் குடை. முடிந்தது கதை.

மல்லிகா என் பக்கத்து மிஷின்காரி. மாசமாக இருக்கிறாள். மேனேஜர் நனைவதற்கு முந்தின நாள், பஸ் வருவதைப் பார்த்து எல்லாரும் ஓடினோம். ஓரத்துக் கால்வாய் எது, ரோடு எது என்று தெரியாத தண்ணீர். மல்லிகாவின் ஒரு கால் கால்வாய்க்குள் போய்விட்டது. எங்களோடு தைக்கிற ரொக்கியா பின்னால் வந்து அவள் கையை எட்டிப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்...

அடி ஒன்றும் படவில்லை. ஆனால் வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் லெட்சுமி அக்கா. கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்ற பிறகு எங்களோடு ஃபேக்டரிக்கு வந்தார். மல்லிகாவின் கூந்தலை முறுக்கித் தண்ணீரைப் பிழிந்துவிட்டுச் சொன்னார்:

"நாளைக்கு நான் வெளிய போவமாட்டேன்."

"பெல் அடிச்சா போவணுமேக்கா?" என்றேன்.

"மழை விட்டா போறேன். பெல்லுக்கெல்லாம் போவமாட்டேன்."

மறுநாளும் மழை. பெல் அடித்தது. அக்கா நேராகப் போய்ப் போர்ச்சில் நின்றார். பின்னால் மல்லிகா, ரொக்கியா, நான். அப்புறம் தமிழ்ப் பெண்கள், மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள் என்று போர்ச்சே நிறைந்துவிட்டது.

கேட்டிலிருந்து வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் நனைந்துகொண்டே ஓடி வந்தார். "என்னா தங்கச்சி இது? வெளிய போங்க லா! எனக்கு வேலை போயிரும்!"

"நீங்களும் உள்ள வாங்கண்ணே" என்றார் அக்கா. "எதுக்கு நனையிறீங்க?"

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு ஓரமாக ஒண்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, வெளியே போயிருந்த மேனேஜரின் கார் திரும்பி வந்தது. ஹாரன் அடித்தார். நாங்கள் எங்கே நகர்வது? நகர்ந்தால் மழை. மறுபடியும் அடித்தார். கடைசியில் கதவைத் திறந்து ஓடி வந்தார். நாலே எட்டுதான். அதற்குள் ஈப்போ மழை அவரைக் கழுவி எடுத்துவிட்டது.

"என்ன இது, ஸ்ட்ரைக்கா?" என்று மலாயில் கத்தினார்.

ரொக்கியா அமைதியாகச் சொன்னாள்: "புக்கான், போஸ். ஹுஜான்."

இல்லை பாஸ். மழை.

யாரோ சிரித்தார்கள். நான்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் போர்ச்சே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு இங்கே நிற்கிறவர்கள் அதற்கப்புறம் வேலைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி எல்லார் வீட்டிலும் அதே பேச்சாகத்தான் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் என் சம்பளம்தான் அரிசி. மறுநாள் மதியத்திலிருந்து துணியைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாரியாத்தாவிடம் மழை கேட்பார்கள். நான் மழை வேண்டாம் என்று கும்பிட்டேன்! அவளுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

தகரத்தில் முதல் துளி விழுந்தது. அப்புறம் ஒரே இரைச்சல். அதற்கு மேல் பெல்.

லெட்சுமி அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் கை மட்டும் ஏதோ ஊசியைத் தேடிக்கொண்டிருந்தது.

"அக்கா... பயமா இல்லையா?"

"தோட்டத்துல மழை பேஞ்சா மரம் வெட்ட முடியாது. வெட்டலன்னா சம்பளம் இல்ல. எத்தன வருசம் வானத்தப் பார்த்துப் பயந்து கெடந்தேன் தெரியுமா? இங்க வந்தும் மழைக்குப் பயப்படணும்னா, நான் எதுக்கு இங்க வந்தேன்?"

நடந்துவிட்டார். மல்லிகா வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். அதற்கு மேல் நான் எப்படி உட்கார்ந்திருப்பது?

போர்ச்சில் முந்தின நாளைவிடக் கூட்டம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்கூட வந்து நின்றார்கள். மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சட்டைகள் உள்ளே மலையாகக் குவிந்து கிடந்தன. அவற்றை யார் தைப்பது? மழையா?

மறுநாள் வேலைக்குப் போனோம். கேட் திறந்தே இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழிலாளர் நலனை முன்னிட்டு நிர்வாகம் கருணையோடு லோடிங் கொட்டகையைத் திறந்துவிடுகிறதாம். கருணை! இருக்கட்டும். இப்போது பெட்டிகளுக்கு நடுவில் நிற்கிறோம். மல்லிகா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்கிறாள். மழை எல்லார் மேலும் ஒன்றாகத்தான் பெய்கிறது என்பார்கள். நம்பாதீர்கள். யார் நனைய வேண்டும் என்று முடிவு செய்வது மழை இல்லை.

அதே வாரம் லெட்சுமி அக்காவை அயர்ன் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? நாள் முழுக்க ஆவி, மூடிய ஜன்னல். ஆண்களே தாக்குப்பிடிக்காமல் ஓடிப்போகிற இடம். எங்களுக்குக் கொதித்தது. கேட்கப் போகிறோம் என்றோம். "இருங்க" என்றார் அக்கா.

நேற்று அந்தப் பக்கம் போனேன். தலையில் ஈரத் துண்டோடு நின்றிருந்தார். சுற்றி நாலைந்து பெண்கள். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த ஜன்னலுக்கு ஆணி அடிச்சு வச்சது யாரு?"

விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. ஆணி பிடுங்குகிற குறடு யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்துவிட்டது.