அப்பாவிடம் இருந்த சர்க்கரை

ஜவ்வு மிட்டாய்க் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், முதல் அரை நிமிடம்தான் அது கடிகாரம். அப்புறம் வெயிலில் இளகி, தோலோடு ஒட்டி, பிசுபிசுவென்று ஆகி, கையை ஓரிடத்தில் வைக்க விடாமல் படுத்தும். நக்கவும் வேண்டும், நக்கினால் தீர்ந்துபோகும். அந்த அவஸ்தைக்காகத்தான் ஏழு வயதில் நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

யுத்தக் காலம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் எங்கள் சந்து. ரேஷனில் அளந்து போடும் சர்க்கரையை அம்மா கைக்கெட்டாத அலமாரித் தட்டில் ஏற்றிவிடுவாள். அது விருந்தாளிகளின் காப்பிக்கு. எனக்கும் மூன்று வயதுத் தம்பிக்கும் வெல்லம்தான். கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மையோடு மிட்டாய்க்காரர் சந்துக்குள் நுழைந்தால் வாசற்கதவு சாத்தப்படும். "தித்திப்பு தின்னா வயத்துல பூச்சி நெளியும்" என்பாள் அம்மா. பூச்சி இல்லாமலே நான் நெளிந்தேன்.

அந்தக் கோடையில் ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார், நாளுக்கு நாள் இளைத்தார். டாக்டரிடம் போய்வந்த சாயங்காலம், அடுத்தாத்து மாமியிடம் கொல்லைச் சுவரோரம் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னது என் காதில் விழுந்தது. "அவருக்கு சக்கரை நெறைய இருக்காம். ஒருத்தர்கிட்டயும் சொல்லிடாதீங்கோ, ஆபீஸ்ல தெரிஞ்சா வம்பு."

எனக்கு எரிந்தது. தம்பி ஒரு விரல் சர்க்கரைக்கு அழுதுகொண்டிருக்க, அப்பாவிடம் நிறைய இருக்கிறதாம், அதை வெளியில் சொல்லவும் கூடாதாம்! டிரங்குப் பெட்டி, கோட்டுப் பை, பரண் என்று ஒன்றையும் விடாமல் குடைந்தேன். எறும்புக்குத் தெரியாத சர்க்கரையா என்று ஒருநாள் எறும்புச் சாரியின் பின்னாலேயே போனேன். அது கொல்லையில், அப்பா ஒன்றுக்குப் போகிற இடத்தில் போய் முடிந்தது. அங்கே யார் சர்க்கரையை ஒளிப்பார்கள் என்று திரும்பிவிட்டேன். எறும்புக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் ரேஷன் கடை வரிசையில் அப்பாவோடு நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கால் மாற்றி நின்றும் வரிசை நகர்கிற வழியாக இல்லை. பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "எங்கப்பாவுக்குத்தான் நெறைய சக்கரை இருக்கே! எங்களுக்குத் தராம ஒளிச்சு வெச்சிருக்கார்!"

வரிசை மொத்தமும் திரும்பியது. பின்னாலிருந்த ஒருவர், "இன்னா சாமி, ஊட்ல பதுக்கி வச்சிக்கினு இங்க வந்து நிக்கிறியா?" என்று எகிறினார். இரண்டு பேருக்கு முன்னால் நின்றவர் அப்பாவின் ஆபீஸ்காரர். அப்பா அவர் முகத்தை ஒருதரம் பார்த்தார். கையிலிருந்த பையைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"இருக்குப்பா. கொழந்தை சொல்றது நிஜந்தான். ஆனா ஆத்துல இல்லே, ஒடம்புல இருக்கு. டாக்டர் சொல்லிட்டார்."

எகிறியவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். ஆபீஸ்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது முதுகில் எப்போது விழும் என்று எதிர்பார்த்தபடியே நடந்தேன். விழவில்லை. சந்து முனையில் மிட்டாய்க்காரரைப் பார்த்து அப்பாவே நின்றார். தம்பிக்கு ஒரு மயில், எனக்குக் கடிகாரம். "அம்மா வைவாளே" என்றேன். "வையட்டும். தின்னக் குடுத்துவெச்ச நாள்ல தின்னுடணும்" என்றவர், குனிந்து என் மணிக்கட்டுக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். "மணி என்னடி?"

நான் வெடுக்கென்று கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "ஒடம்பு பூரா வெச்சிண்டிருக்கியே, உனக்கெதுக்கு?"

அப்பா சிரித்தார். வாய்விட்டுத்தான் சிரித்தார்.

அந்தக் கழியும் பொம்மையும் இப்போது எங்கள் பக்கம் வருவதில்லை. சந்து இருந்த இடத்தில் அடுக்குமாடி. எனக்கும் வந்துவிட்டது, ஆனால் யாரும் அதைச் சர்க்கரை என்று சொல்வதில்லை, 'சுகர்' என்கிறார்கள். அதைக் கேட்டு எந்தக் குழந்தையும் அலமாரியைக் குடையப் போவதில்லை. எதிர் வீட்டுக் குழந்தை நேற்று வாசலில் நின்று சாக்லேட் தின்றுகொண்டிருந்தாள். "என்னடி அது?" என்று சும்மாதான் குனிந்தேன். "உங்களுக்கு சுகர் இருக்கு மாமி, அம்மா சொன்னா" என்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அப்பாவைப் போலச் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.